ஆண் மணமும் பெண் மணமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாம் பரீட்சைத் தாள்களுடன் மல்லாடிக்கொண்டிருந்த சமயத்தில், வாசலில் ஒரு வாலிபர் வந்து நின்று, "நமஸ்காரம், ஸார்! என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டார். உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் கழித்தவர்களுக்கு இதைப்போல் சங்கடமான கேள்வி வேறில்லை. தெரியவில்லை என்றால் வந்தவர் மனம் வாடும். தெரிகிறது என்றால் அடுத்த கேள்வியில் அகப்பட்டுக்கொள்வோம். நல்ல வேளையாக அவரே தம் பெயரையும், படித்த வருஷத்தையும், நம்மிடம் வாங்கிய வசவுகளில் இரண்டொன்றையும் எடுத்துச் சொல்லி நம்மைக் காப்பாற்றினார். ரசாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பிரான்ஸ் தேசம் சென்றிருக்கிறாராம். விடுமுறைக்கு ஊர் வந்தவர், பழைய வாத்தியாருக்கென்று ஒரு சிறு சீசாவும் கொண்டுவந்திருந்தார்.

சீசா சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும். உள்ளே இளமஞ்சள் நிறத்தில் ஏதோ திரவம். "இதன் பெயர் ஜிக்கி, ஸார்" என்றார். "எந்த ஜிக்கி? பாட்டுப் பாடுவாரே, அவரா?" என்று கேட்டுவிட்டோம். நம் தாயார் ரேடியோவில் கேட்டு மகிழ்ந்த அந்த இனிய குரலைத் தவிர வேறு ஜிக்கியை நாம் அறியோம். வாலிபர் சிரித்துவிட்டு, இது பாரீஸ் நகரத்துக் கெர்லேன் கம்பெனியார் செய்யும் உயர்ந்த ரகப் பரிமளம் என்றும், நூற்றாண்டு கடந்தும் இன்னும் விற்பனையாகிறதென்றும் விளக்கினார். இதற்குள் நம் மனைவியும் உள்ளேயிருந்து வந்து, சீசாவை வாங்கிப் பார்த்து, "அது சரி, இது ஆண்கள் போடுவதா, பெண்கள் போடுவதா?" என்று கேட்டாள்.

"இரண்டு பேருக்குமே, அம்மா" என்றார் அவர்.

"அதெப்படி?" என்றாள் நம் மனைவி.

அந்தக் கேள்வியே இந்த வாரத்து விஷயம்.

முதலில் ஜிக்கியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறோம். 1828-ம் வருஷம் பியேர் பிரான்ஸுவா பாஸ்கால் கெர்லேன் என்பவர் பாரீஸில் ஒரு பரிமளக் கடை திறந்தார். அவருடைய புதல்வர் எமே கெர்லேன் என்பவர்தாம் 1889-ம் வருஷம், ஈபெல் கோபுரம் எழும்பிய அதே ஆண்டில், ஜிக்கியை வெளியிட்டவர். அதுவரையில் ஐரோப்பியப் பரிமளங்களுக்குப் பெரும்பாலும் ஒரே லட்சியந்தான்: ரோஜாவென்றால் ரோஜாவைப் போலவும், வயலெட் என்றால் வயலெட்டைப் போலவும் மணக்க வேண்டும். கைக்குட்டையில் இரண்டு துளி விட்டுக்கொள்வார்கள், முகர்ந்தவர் "ஆகா, இன்ன பூ!" என்று சொல்லிவிட்டால் பரிமளக்காரருக்கு வெற்றி.

இதற்கிடையில் ரசாயன சாஸ்திரிகள் தங்கள் சாலைகளில் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். செயற்கைச் சாயம் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹென்றி பெர்க்கின், 1868-ல் கூமரின் என்னும் பொருளைச் செயற்கையாகச் செய்தார். வெயிலில் உலர்ந்த புல்லின் மணம் கூமரினுடையது. 1874-ல் டீமன், ஹார்மன் என்னும் இரு ஜெர்மானியர், ஊசியிலை மரத்தின் சாற்றிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு வனில்லின் தயாரித்தனர். ஐஸ்கிரீம் தின்னும் குழந்தைகளெல்லாம் அறிந்த வனில்லா வாசனைக்கு உயிராக உள்ள பொருள் இதுவே. 1882-ல் ஊபிகான் என்னும் மற்றொரு பாரீஸ் கம்பெனியார் கூமரினைக் கொண்டு ஒரு பரிமளம் செய்து வழி காட்டினார்கள். எமே கெர்லேன் அதற்கு மேலும் ஓரடி சென்று, கூமரினையும் வனில்லினையும் சேர்த்து, அவற்றோடு லவெண்டர்ப் பூவின் எண்ணெயையும், பெர்கமாட் என்னும் நாரத்தை ஜாதிப் பழத்தோலின் எண்ணெயையும் கலந்து, எல்லாவற்றிற்கும் அடியில் புனுகையும் வைத்தார். ஆம், நேயர்களே, நம் கோயில்களில் சுவாமிக்குச் சாத்துகிறோமே, அதே புனுகுதான். மயிலாடுதுறைக்கு அடுத்த கூறைநாட்டில் புனுகீசர் என்ற பெயரிலேயே சுவாமி எழுந்தருளியிருக்கிறார். அந்நாளில் பரிமளக்காரர்கள் புனுகுப் பூனையிடமிருந்து நேரே எடுத்ததைப் பயன்படுத்தினார்கள். 1926-ல் ருஸிக்கா என்னும் விஞ்ஞானி புனுகின் மணத்துக்கு மூலமான பொருளின் அமைப்பைக் கண்டறிந்தார். 1939-ல் நோபெல் பரிசும் பெற்றார். இப்போது பரிமளத் தொழிலில் பெரும்பாலும் செயற்கைப் புனுகையே கையாளுகிறார்கள். பூனைகளுக்குக் கூண்டு வாசம் குறைந்ததென்றால் அது நல்ல செய்தியே.

ஆகவே, ஜிக்கியை முகர்ந்தவர்களால் "இன்ன பூ" என்று சொல்ல இயலவில்லை. அது எந்தப் பூவும் அன்று. மனிதன் மனத்தில் கற்பித்த ஒன்று. இக்காலத்துப் பரிமளக் கலையின் தொடக்கமே இதுதான் என்று அத்துறையினர் பலர் கருதுகின்றனர்.

பெயரைப் பற்றியும் இரண்டு கதைகள் வழங்குகின்றன. எமே வாலிபராய் இங்கிலாந்தில் இருந்தபோது காதலித்த ஒரு பெண்ணின் செல்லப் பெயர் அது என்பது ஒரு கதை. அவருடைய தமையன் தம்பி வழிப் பிள்ளை ஜாக் கெர்லேனை வீட்டில் கூப்பிட்ட பெயர் என்பது மற்றொரு கதை. ஒரு பெண்ணின் பெயர், அல்லது ஒரு பையனின் பெயர்! பரிமளத்தின் தலைவிதி பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது போலும். வெளிவந்த புதிதில் ஆண்களே இதை விரும்பி வாங்கினார்கள் என்றும், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே பெண்கள் இதைத் தமதாக்கிக் கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள். சீசாவும் சரக்கும் மாறவில்லை, அணிந்தவர்களே மாறினார்கள்.

அந்தப் பிள்ளை ஜாக் கெர்லேன் வளர்ந்து, குடும்பத் தொழிலில் தலைசிறந்தார். ஒரு நாள் விளையாட்டாக, வனில்லாவிலும் கடுமையான ஒரு புதிய சரக்கை ஜிக்கி சீசாவுக்குள் ஊற்றிப் பார்த்ததிலிருந்துதான் 1925-ல் "ஷாலிமார்" என்னும் பரிமளம் பிறந்தது என்பது கெர்லேன் வீட்டுக் கதை. நம் மொகலாய சக்கரவர்த்திகளின் நந்தவனப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஜிக்கி இருபாலாருக்கும் பொதுவாக நிற்க, அதன் வயிற்றில் பிறந்த ஷாலிமார் பெண்களுக்கென்றே விற்கப்பட்டது. 1994-ல் கெர்லேன் கம்பெனி வேறு ஒரு பெரிய கம்பெனிக் குழுவின் கைக்குச் சென்றுவிட்டது. எனினும் இரண்டு சரக்குகளும் இன்றும் கடையில் இருக்கின்றன.

இனி, அன்று நம் வீட்டில் நடந்த பரிசோதனை. வாலிபர் நம் மணிக்கட்டில் ஒரு துளியும், நம் மனைவியின் மணிக்கட்டில் ஒரு துளியும் வைத்தார். முதலில் மருக்கொழுந்தும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு பச்சை வாசம். கூடவே நாரத்தந்தோலை நகத்தால் கீறினாற்போல ஒரு சுறுசுறுப்பு. சலவை செய்த சட்டையுடன் வகுப்புக்குள் நுழையும் புது உபாத்தியாயரைப்போல வெகு ஒழுங்காக இருந்தது. "இது மேல் மணம், ஸார். சீக்கிரம் ஆவியாகும் பொருள்கள் முதலில் எழுந்து போய்விடும்" என்றார். கால் மணி கழித்து முகர்ந்தால், களத்து மேட்டில் காயும் வைக்கோலின் வாசம். ஒரு மணி கழித்து வனில்லாவின் தித்திப்பு. அதற்கும் அடியில், சற்றே முகம் சுளிக்க வைத்து மறுபடியும் முகரத் தூண்டும் புனுகு. ஒழுங்கான உபாத்தியாயர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாடகக் கொட்டகைக்குள் நுழைவதை நாம் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

இதைத்தான் இன்று பரிமள வியாபாரிகள் "ஆளுமை" என்கிறார்கள். ஒவ்வொரு சீசாவுக்கும் ஒரு குணசித்திரம் எழுதி விளம்பரம் செய்கிறார்கள்: இதை அணிபவர் தைரியசாலி, அதை அணிபவர் மர்மமானவர் என்று. ஜிக்கிக்கும் ஒரு ஆளுமை உண்டென்றால், மேலுக்கு அடக்கமும் உள்ளே குறும்பும் உள்ளவர் என்று நாமும் எழுதிவிடலாம். ஆனால் அப்படிப்பட்டவர் ஆணா பெண்ணா என்று யாரால் சொல்ல முடியும்? நம் பந்துக்களில் அத்தகைய சித்தப்பாவும் உண்டு, அத்தையும் உண்டு. நம் மனைவி தன் மணிக்கட்டை முகர்ந்து, "எனக்கு என் பாட்டியின் மரப்பெட்டி ஞாபகம் வருகிறது" என்றாள். நமக்கு நாடகக் கொட்டகை, அவளுக்கு மரப்பெட்டி. சீசா ஒன்றுதான்.

வாலிபர் இதற்கும் சாஸ்திரம் சொன்னார். மூக்கினுள் மணத்தை வாங்கிக்கொள்ளும் அணுக்கூறுகள் மனிதர்க்கு ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. அவற்றிற்கு மூலமான மரபுக்கூறுகளை 1991-ல் கண்டறிந்தவர்கள் லிண்டா பக் என்னும் பெண்மணியும் ரிச்சர்ட் ஆக்ஸெல் என்பவருமாவர்; 2004-ல் இருவருக்கும் சேர்த்தே நோபெல் பரிசு கிடைத்தது. மணத்தின் செய்தி, மூளையில் ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய இடங்களுக்கு மற்றப் புலன்களின் செய்தியைவிட நெருங்கிய வழியில் சென்று சேர்கிறதாம். மறந்துபோன பாட்டி மரப்பெட்டியோடு வந்து நிற்பது இதனால்தான். இத்தனை ஆராய்ந்தவர்களும் ஆண் மணம் இன்னது, பெண் மணம் இன்னது என்று மூக்கு தானாகப் பிரித்தறியும் என்று சொல்லவில்லை. அந்தப் பிரிவினை மூக்கில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

நம்மிடமே பாருங்கள். கல்யாண வாசலில் நின்று பன்னீர்ச் செம்பைத் தூக்கித் தெளிக்கும் சிறுமி, வருகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்தா தெளிக்கிறாள்? சந்தனக் கிண்ணம் எல்லோர் முன்னும் வருகிறது. வடக்கே கன்னோஜ் நகரில் பழைய முறைப்படி செம்புக் கலங்களில் ரோஜா அத்தர் இறக்குகிறார்கள். அதை விரும்பிப் பூசிக்கொள்பவர்களில் நரைத்த தாடி வைத்த பெரியவர்கள் பலர். அதே ஊரில் சுட்ட மண்ணின் வாசனையையும் சந்தன எண்ணெயில் இறக்கி, முதல் மழையின் மணத்தைச் சீசாவில் அடைத்து விற்கிறார்கள். மழை ஆணா, பெண்ணா?

வெட்டிவேரின் கதை இன்னும் வேடிக்கை. அது நம் வீடுகளில் தண்ணீர்ப் பானையில் மிதக்கும், கோடையில் ஜன்னல் தட்டியாகத் தொங்கும், பெண்கள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் ஊறும், சுவாமிக்கு மாலையாகும். நம் சொல்லையே பிரெஞ்சுக்காரர் "வேத்திவேர்" என்று எடுத்துக்கொண்டனர். 1957-ல் கார்வென் கம்பெனியாரும், அதையடுத்துச் சில ஆண்டுகளுக்குள் கெர்லேன் கம்பெனியாரும் அந்தப் பெயரிலேயே பரிமளங்கள் வெளியிட்டார்கள். யாருக்கு? ஆண்களுக்கு! நம் பாட்டிமார் கூந்தலில் மணந்த வேர், கப்பலேறிப் போனதும் மீசை முளைத்துக்கொண்டது.

நம் வீடுகளில் ஜுரக்காரர் நெற்றியில் நனைத்துப் போடும் ஓடிகொலோன் இருக்கிறதே, அதன் வம்சமும் இப்படித்தான். இத்தாலியில் பிறந்து ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் குடியேறிய ஜோஹான் மரியா பரீனா என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செய்து, வாழ வந்த ஊரின் பெயரையே சூட்டினார். 1709-ல் ஏற்பட்ட அந்தக் குடும்ப வியாபாரம் இன்றும் நடக்கிறது. ராணிகளும் அணிந்தார்கள், ராஜாக்களும் அணிந்தார்கள். நெப்போலியன் அதைத் தண்ணீர் பட்ட பாடாய்ச் செலவழித்தான். அவனுடைய ஆண்மையை அக்காரணம் பற்றி எவரும் சந்தேகித்ததில்லை. பிற்காலத்தில் கடைக்காரர்கள், ஒரே வீட்டில் ஒரு சீசாவுக்குப் பதிலாக இரண்டு சீசா விற்கலாம் என்று கண்டுகொண்டு, ஆண் அலமாரி பெண் அலமாரி என்று பிரித்தார்கள். பிறகு 1994-ல் அமெரிக்காவில் கால்வின் கிளைன் கம்பெனியார் "ஸீ கே ஒன்" என்பதை இருபாலார்க்கும் பொது என்று விளம்பரம் செய்து வெளியிட, உலகமே அதைப் புதுமை என்று வியந்தது. அதற்குப் பிறகு மிக உயர்ந்த விலைக்கு விற்கும் கம்பெனிகள் பலவும் இந்தப் "பொது" என்ற சொல்லையே பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. சுவரை எழுப்பியதற்கு ஒரு விலை. இடித்ததற்கு அதைவிட அதிக விலை!

இவ்வளவும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வாலிபர் திடீரென்று, "ஸார், எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? 'மல்லிகா' என்று கேலி செய்வோமே?" என்று கேட்டார்.

ஞாபகம் இருந்தது. வந்தவரின் முகத்தை மறந்த நமக்கு, வராதவனின் முகம் மறக்கவில்லை.

பதினைந்து வருஷங்களுக்கு முந்தைய விஷயம். ஒரு நாள் காலை நாம் வகுப்பில் நுழைந்தபோது ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. என்ன என்று கேட்டோம். "இவன் பொம்பளை ஸெண்டு போட்டுக்கொண்டு வருகிறான், ஸார்!" என்றது ஒரு குரல். பையன் எழுந்து நின்றான். உண்மையாகவே அவனிடமிருந்து மல்லிகை வாசம் குப்பென்று வீசிற்று. அந்தச் சமயத்தில் ஓர் உபாத்தியாயர் செய்யவேண்டியது என்ன என்பது இன்று நமக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஹாஸ்யம். "என்ன தம்பி, சடை எப்போது பின்னிக்கொள்ளப் போகிறாய்?" என்றோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் நம் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினோம். பையன் இரண்டு கைகளையும் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் ஏன் கைகளை ஒளித்தான் என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் அவனிடம் மல்லிகை மணம் இல்லை. துணி துவைக்கும் சோப்பின் காரமான நெடிதான் இருந்தது. விரல்களெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. பல மாதங்கள் சென்று, அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் பூக்கட்டி விற்பவள். விடியுமுன் எழுந்து, பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை பையனும் கூட உட்கார்ந்து பூத்தொடுப்பான். அவன் ஸெண்டு பூசவில்லை, வேலை செய்தான். அவன் கையில் இருந்தது உழைப்பின் மணம். அதைத்தான் நாம் "பெண் மணம்" என்று சொல்லிச் சிரித்தோம். பெண்மை என்றால் கேலிக்குரியது என்று நாற்பது பையன்களுக்கு, பாடப் புஸ்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை, ஒரு நிமிஷத்தில் கற்பித்தோம். பூத்தொடுத்து அவனைப் படிக்க வைத்த அந்தத் தாயையும் சேர்த்தே கேலி செய்தோம் என்பது இன்னும் பிற்பாடுதான் நமக்கு உறைத்தது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம். பத்தாம் வகுப்பு முடித்து அவன் போய்விட்டான்.

"அந்தப் பெயரை வைத்தது நான்தான், ஸார்" என்றார் வாலிபர், சீசாவைப் பார்த்தபடி. "அங்கே வகுப்பில் சாதிமல்லிச் சாற்றை முகர்ந்து பழகச் சொன்னார்கள். முகர்ந்ததும் அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் இப்போது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது. நீங்களும் வருகிறீர்களா?"

நமக்கும் தனியாகப் போகத் தைரியம் இருந்ததில்லை. மறுநாள் விடியற்காலையில் இருவரும் மதுரைக்குப் புறப்பட்டோம்.

நேயர்களில் அந்தச் சந்தையைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மூட்டை மூட்டையாக மல்லி வந்து இறங்குகிறது. கோணியை அவிழ்த்தால் நிலாவைக் கொட்டினாற்போல் இருக்கிறது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு என்னும் அரசாங்கப் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. கூந்தலுக்கும் கோயிலுக்கும் போவது போக, மல்லியும் சாதிமல்லியும் சாறு இறக்கும் தொழிற்சாலைகளுக்குச் சென்று, அங்கிருந்து பிரான்ஸ் முதலிய தேசங்களின் பரிமளக் கம்பெனிகளுக்குக் கப்பலேறுகின்றன. ஒரு கிலோ தூய சாறு வேண்டுமானால் 500 கிலோவுக்கு மேல் பூ வேண்டும் என்றார் நம் ரசாயன வாலிபர். அத்தனை பூவையும் விடியற்காலை இருட்டில், மொட்டு மொட்டாக, கையால்தான் பறிக்க வேண்டும். பாரீஸில் விற்கும் சீசாவின் விலையைக் கேட்டு மலைக்கிறோம். அதில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. பறித்த கைகளுக்குப் போவது எவ்வளவு என்று யாரும் சீசாவின்மேல் எழுதுவதில்லை.

நம் பழைய மாணவன் தராசின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நம்மைக் கண்டதும், "வாருங்கள், ஸார்!" என்று கீழே இறங்கி வந்தான். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், நாம் சீசாவை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். அவன் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முகர்ந்தான்.

"மேலே மருக்கொழுந்து மாதிரி ஏதோ பச்சை. நடுவில் இனிப்பு. அடியில் புனுகு, ஸார். கோயிலுக்குப் பூக் கொடுக்கிறவனுக்குப் புனுகு தெரியாதா?" என்றான். பட்டம் பெற்ற வாலிபர் ஒரு மணி நேரம் விளக்கியதை அவன் மூன்று மூச்சில் சொல்லிவிட்டான்.

"இது ஆண்களுக்கா, பெண்களுக்கா? சொல், பார்க்கலாம்" என்றோம்.

அவன் சிரித்தான். "இங்கே மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள்தான், ஸார். பொழுது விடிந்து வீட்டுக்குப் போகும்போது அத்தனை பேர் மேலும் மல்லி வாசந்தான்" என்றான்.

அப்போதுதான் நாம் சொல்ல வந்ததைச் சொன்னோம். "தம்பி, அன்றைக்கு வகுப்பில் நாம் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றோம். வாலிபரும் தம் பங்கைச் சொன்னார். அவன் சிறிது நேரம் பேசாமல் பூக்குவியலைக் கையால் சமன்படுத்திக்கொண்டிருந்தான். எந்த நாள், எந்தச் சொல் என்று அவன் கேட்கவில்லை.

"அன்று ராத்திரி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன், ஸார். அம்மா ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவே இல்லை" என்றான். பிறகு, "நல்லதாய்ப் போயிற்று" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காத்திருந்த வியாபாரிக்குப் பூவை நிறுக்கத் திரும்பினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நாமும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. புறப்படும்போது இரண்டு கை நிறையப் பூவை அள்ளி நம் மேல்துண்டில் கட்டிக் கொடுத்தான். காசு கொடுத்தோம், வாங்கிக்கொண்டான். அது நமக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கூடம் சென்றோம். வீட்டுக்குப் போக நேரமில்லை, கைகழுவ மனமில்லை. முதல் மணி நமக்கு ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம். அன்றையப் பாடம் ஐம்பால். நாம் உள்ளே நுழைந்ததும் முதல் பெஞ்சில் இரண்டு பையன்கள் மூக்கை உறிஞ்சி, ஒருவரையொருவர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்னடா?" என்றோம். "ஒன்றுமில்லை ஸார், மல்லிகை வாசம்!" என்றான் ஒருவன், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

கரும்பலகையில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று எழுதினோம். "மணம் வீசியது. இது எந்தப் பால்?" என்று கேட்டோம். "ஒன்றன்பால்!" என்று வகுப்பே சொல்லிற்று. பிரெஞ்சு மொழியில் மல்லிகை என்னும் சொல் ஆண்பால் என்றும், ரோஜாவும் லவெண்டரும் பெண்பால் என்றும், வெட்டிவேர் ஆண்பால் என்றும் எழுதிக் காட்டினோம். மல்லிகை ஆண்பிள்ளையா என்று பையன்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதன்பின், பதினைந்து வருஷங்களுக்கு முன் இதே அறையில் நடந்ததையும், தவறு யாருடையது என்பதையும், ஒளிக்காமல் சொன்னோம். பாதிக் கதையிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

மணி அடித்தபோது, வாயைப் பொத்தினானே அந்தப் பையன், மேஜையருகில் வந்து, "அந்த அண்ணன் கடை எங்கே இருக்கிறது, ஸார்?" என்று கேட்டான். சொன்னோம். அன்று ஐம்பால் பாடம் முடியவில்லை. அடுத்த வாரம் தொடர வேண்டும்.